கை வீட்டில், படம் ஆஸ்பத்திரியில்!

எலும்பு முறிந்தவர்களுக்கு இரண்டு விதமான கஷ்டங்கள் உண்டு. ஒன்று, முறிந்த இடத்து வலி. மற்றொன்று, ஆஸ்பத்திரிப் பெஞ்சு. வலிக்காவது மாத்திரை இருக்கிறது. பெஞ்சுக்கு வெகு காலம் வரையில் மருந்தே கிடையாது.

காலையில் அவசரம் அவசரமாகப் புறப்பட்டுப் போய், சீட்டு வாங்கி, பேர் கூப்பிடும் வரையில் காத்திருந்து, கடைசியில் டாக்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தால், அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிறார். "பயப்பட ஒன்றுமில்லை, தானாகவே சேர்ந்துவிடும். மூன்று வாரம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்" என்கிறார். இரண்டு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடுகிறது! சந்தோஷமான சமாசாரந்தான். ஆனாலும், "இந்த இரண்டு நிமிஷத்துக்காகவா குழந்தையை அடுத்த வீட்டு மாமியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தோம்?" என்று எண்ணாமல் இருக்க முடியுமா?

பிரிட்டனிலே, ஸ்காட்லாந்துப் பகுதியைச் சேர்ந்த கிளாஸ்கோ நகரில், எலும்பு வைத்தியர்கள் சிலர் இதற்கு ஒரு பரிகாரம் தேடினார்கள். 2011-ஆம் வருஷம் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி என்ற ஆஸ்பத்திரியில் ஒரு புதிய ஏற்பாடு ஆரம்பமாயிற்று. 'வர்ச்சுவல் ஃப்ராக்சர் கிளினிக்' என்று அதற்குப் பெயர். நம் பாஷையில் சொன்னால், நோயாளி வராமலே நடக்கிற எலும்பு முறிவுக் கிளினிக். நோயாளி வீட்டில் இருப்பார்; அவருடைய படம் ஆஸ்பத்திரியில் இருக்கும். பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துத் தீர்மானம் செய்வார். நர்ஸ் டெலிபோனில் கூப்பிட்டுச் சொல்லுவார். இன்று பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகளில் இந்த முறை நடைபெறுகிறது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மகளோ மருமகனோ பிரிட்டனில் வேலையாக இருக்கும் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். "பேரப் பிள்ளைக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். மாவுக்கட்டுக்கூடப் போடவில்லையாம். 'மறுபடியும் வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்களாம்! இது என்ன வைத்தியம்?" என்று இங்கே பாட்டிக்குத் தூக்கம் வராது. 'வர வேண்டாம்' என்ற வார்த்தை அப்படிப்பட்டது. அதை அக்கறையோடும் சொல்லலாம், அலட்சியத்தோடும் சொல்லலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

மூன்று அதிசயங்கள் கண்ட ஆஸ்பத்திரி

முதலில் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலும்பு முறிவுக்கும் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரிக்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதல்ல.

1865-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனை அங்கே கொண்டு வந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறியதால் அவன் கால் எலும்பு முறிந்து, அந்த இடத்தில் தோலும் கிழிந்திருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட புண் அழுகிவிடுவது சகஜம். காலையே வெட்டி எடுத்து உயிரைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அப்படியும் பலர் பிழைக்க மாட்டார்கள். ஜோசப் லிஸ்டர் என்ற சர்ஜன் அவ்விதம் செய்யவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின் மேல் வைத்துக் கட்டினார். சுமார் ஆறு வாரத்தில் எலும்பு சேர்ந்தது. பையனுக்குக் காலும் மிஞ்சியது, உயிரும் மிஞ்சியது. கிருமிகளை ஒழித்துச் செய்யும் ரண சிகிச்சை இப்படித்தான் தலையெடுத்தது.

அடுத்தது, 1893-ல் நடந்தது. அங்கே மேட்ரனாக இருந்த ரெபெக்கா ஸ்ட்ராங் அம்மையார், நர்ஸாக வேண்டியவர்கள் வார்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் முறையாகப் பாடம் படித்துத் தேற வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நம் கதையில் நர்ஸுக்கு எவ்வளவு முக்கியமான பங்கு இருக்கிறது என்பது பின்னால் தெரியும்.

மூன்றாவது, 1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்ததைத் தொடர்ந்து வந்தது. அடுத்த வருஷமே, ஜான் மக்கின்டயர் என்ற தொண்டை வைத்தியர் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் ஓர் எக்ஸ்ரே பிரிவை அமைத்துவிட்டார். உலகத்து ஆஸ்பத்திரிகளில் முதன்முதலாக ஏற்பட்ட எக்ஸ்ரே பிரிவுகளில் அது ஒன்று. கையால் தொட்டுத் தடவிப் பார்த்துக் கொண்டிருந்த முறிவைக் கண்ணாலேயே பார்க்கும் வழி பிறந்தது.

அதற்கப்புறம் வெகு காலம் வரையில் எக்ஸ்ரே என்றால் ஃபிலிம்தான். படம் ஒரே ஒரு பிரதி. அதைப் பெரிய உறையில் போட்டு, நோயாளியோடு கூடவே அனுப்ப வேண்டும். படமும் நோயாளியும் டாக்டரும் ஒரே அறையில் கூடினால்தான் வைத்தியம். கம்ப்யூட்டர் வந்து படத்தைத் திரையில் காட்டத் தொடங்கிய பிறகு இந்தக் கட்டு தளர்ந்தது. படம் எடுத்த மறு நிமிஷமே ஆஸ்பத்திரியின் எந்த மூலையிலும் அதைப் பார்க்கலாம். அப்படியானால் ஒவ்வொரு நோயாளியும் ஏன் திரும்பி வர வேண்டும் என்ற கேள்வி தானாகவே எழுந்தது.

என்ன நடக்கிறது?

பழைய வழக்கம் என்ன தெரியுமா? அவசர சிகிச்சைப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு என்று தெரிந்தால், அல்லது முறிவோ என்று சந்தேகம் இருந்தால்கூட, எல்லாரையும் முறிவுக் கிளினிக்குக்கு வரச் சொல்லிவிடுவார்கள். சுண்டு விரலில் கீறல் விழுந்தவரும், கணுக்கால் மூன்று துண்டானவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டத்தைச் சமாளிக்கும் அவசரத்தில் டாக்டருக்கு ஒவ்வொருவரிடமும் சில நிமிஷங்களுக்கு மேல் பேச நேரம் இராது. இதனால் உண்மையாகவே நஷ்டப்பட்டவர் சுண்டு விரல்காரர் அல்ல, கணுக்கால்காரர்தான்.

புதிய முறையை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். டிசம்பர் மாதம். கிளாஸ்கோவின் நடைபாதையில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும் ஓர் அம்மாள் வழுக்கிக் கையை ஊன்றி விழுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். முழங்கையில் பிராணன் போகிற வலி. கையை நீட்ட முடியவில்லை.

அவள் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள். இதைக் கவனிக்க வேண்டும். முதல் பரிசோதனை எப்பொழுதும் நேரில்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு டாக்டரோ, விசேஷப் பயிற்சி பெற்ற நர்ஸோ அவளைப் பார்க்கிறார். தோல் கிழிந்திருக்கிறதா, விரல்கள் அசைகின்றனவா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா, நாடி சரியாக ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். எப்படி விழுந்தாள் என்று கேட்டு எழுதிக் கொள்கிறார். எக்ஸ்ரேயில், முழங்கையருகே ரேடியஸ் எலும்பின் தலைப்பாகத்தில் ஒரு மெல்லிய கீறல் தெரிகிறது. கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் வைத்து, ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்து, "டெலிபோன் வரும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஓர் அறையில் அனுபவம் மிகுந்த எலும்பு வைத்திய நிபுணரும் ஒரு நர்ஸும் திரைக்கு முன்னால் உட்காருகிறார்கள். முந்தின நாள் வந்தவர்களின் ஜாபிதா எதிரே இருக்கிறது. ஒவ்வொருவருடைய படமும், முதலில் பார்த்தவர் எழுதிய குறிப்பும் திரையில் வருகின்றன. வயது என்ன, எந்தக் கை, என்ன தொழில், வேறு வியாதி உண்டா, எல்லாம் பார்க்கிறார்கள். அந்த அம்மாளின் முறிவு இடம் விட்டு நகரவில்லை. தானாகவே சேரக்கூடியது. தீர்மானம் ஆகிவிட்டது. நர்ஸ் டெலிபோனை எடுக்கிறார்.

"நேற்று விழுந்தீர்களே, இப்போது வலி எப்படி இருக்கிறது?"

"இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் தாங்க முடிகிறது."

"விரல்களை மடக்கி நீட்ட முடிகிறதா? மரத்துப் போன மாதிரி இருக்கிறதா?"

"மடக்க முடிகிறது. மரத்துப் போகவில்லை."

"எலும்பு நிபுணர் உங்கள் படத்தைப் பார்த்தார். சின்னக் கீறல்தான், எலும்பு நகரவில்லை. இரண்டு மூன்று நாள் தூளியில் வைத்திருங்கள். அப்புறம் மெல்ல மெல்லக் கையை மடக்கி நீட்ட ஆரம்பியுங்கள்."

"ஐயோ! அசைத்தால் இன்னும் ஒடிந்துவிடாதா?"

"ஒடியாது. அசைக்காமல் வைத்திருந்தால்தான் முழங்கை இறுகிப் போய்விடும். துண்டுப் பிரசுரத்தில் எந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதில் எங்கள் நம்பரும் இருக்கிறது. எந்தச் சந்தேகம் வந்தாலும் கூப்பிடுங்கள்."

அவ்வளவுதான். பழைய நாளானால் இதே வார்த்தைகளைக் கேட்க அவள் மறுபடியும் பனியில் நடந்து வந்திருக்க வேண்டும். இன்னொரு தடவை வழுக்கி விழுந்தாலும் விழுந்திருப்பாள்!

நாலு வழிகள்

எல்லாருக்கும் இப்படி டெலிபோனிலேயே முடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அந்த அறையிலிருந்து நாலு வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, வீட்டிலேயே குணமாகக்கூடியவர்களுக்கு. இரண்டாவது வழி, தேகப் பயிற்சி வைத்தியரிடமோ நர்ஸ் நடத்தும் கிளினிக்குக்கோ போக வேண்டியவர்களுக்கு. மூன்றாவது வழி, இன்ன நிபுணரை இன்ன நாளில் பார்க்க வேண்டியவர்களுக்கு. கை விரல் முறிந்தால் கை நிபுணர், தோள்பட்டையானால் தோள்பட்டை நிபுணர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால்தான் எலும்பு நகர்ந்ததா இல்லையா என்று தெரியும் என்றால், ஒரு வாரம் கழித்தே வரச் சொல்வார்கள். நாலாவது வழி, "உடனே புறப்பட்டு வாருங்கள், ஆபரேஷன் தேவைப்படலாம்" என்று கூப்பிட வேண்டியவர்களுக்கு.

ஆகவே இந்தக் கிளினிக்கின் வேலை ஜனங்களை வர விடாமல் தடுப்பது என்று நினைப்பது தவறு. யார் வர வேண்டும், எப்போது வர வேண்டும், யாரிடம் வர வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து வைப்பதுதான் வேலை. அதுவும் சீக்கிரத்திலேயே அனுபவசாலியின் கண் படத்தின் மேல் பட்டுவிடுகிறது. பழைய கூட்டத்தில் இது எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை.

பிரிட்டனின் எலும்பு வைத்தியர் சங்கம் 2013-ல் ஒரு விதி வகுத்தது. காயம் பட்டு வந்தவருடைய விஷயத்தை முறிவுக் கிளினிக் 72 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது அது. 2020-ல் கோவிட் தொற்று வந்து, ஆஸ்பத்திரிக்கு வருவதே அபாயம் என்று ஆன போது, இந்த முறை இன்னும் பல ஊர்களுக்கு வேகமாகப் பரவியது.

கட்டுப் போடாத கை

இப்போது அந்தப் பேரப் பிள்ளையிடம் வருவோம். மாவுக்கட்டு இல்லாமல் அனுப்பிவிட்டார்களே, அது நியாயமா?

குழந்தைகளின் எலும்பு பெரியவர்களுடையதைப் போல் விறைப்பானது அல்ல. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு இரண்டாக முறியாமல், ஓரிடத்தில் மட்டும் அமுங்கிப் புடைத்துக் கொள்ளும். தகர டப்பாவை மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் ஒரு மடிப்பு விழுகிறதல்லவா, அதைப் போல. இதை 'டோரஸ்' முறிவு என்கிறார்கள். இது நகராது, கோணிக் கொள்ளாது, சில வாரங்களில் தானாகவே சேர்ந்துவிடும். இதற்கு விறைப்பான மாவுக்கட்டு வேண்டாம், மறுபடி வரச் சொல்லவும் பொதுவாக அவசியமில்லை என்று 2016-ல் பிரிட்டனின் வைத்திய வழிகாட்டிக் குறிப்பு சொல்லிற்று.

இருந்தாலும் பெற்ற மனம் கேட்குமா? "கட்டுப் போடாவிட்டால் குழந்தைக்கு வலிக்காதா?" என்ற கேள்வி நியாயமானது. அதைப் பரீட்சை செய்தே பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 23 ஆஸ்பத்திரிகளில், 4 முதல் 15 வயது வரையுள்ள 965 குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதிக்கு மிருதுவான துணிக்கட்டு. மற்றொரு பாதிக்கு விறைப்பான கட்டு. மூன்றாம் நாள் வலி எவ்வளவு என்று கேட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்கு வலியை எண்ணால் சொல்லத் தெரியாதல்லவா? ஆகையால் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரையில் வரைந்த படங்களைக் காட்டி, "உன் வலி இதில் எது?" என்று கேட்கும் முறையைக் கையாண்டார்கள். 2022-ல் முடிவு வெளியாயிற்று. இரண்டு பாதிக்கும் வலியில் வித்தியாசம் இல்லை! பாட்டிமார்கள் கவலையை விட்டுத் தூங்கலாம்.

இன்னோர் உதாரணம் நம் வீட்டு வேலையோடு சம்பந்தப்பட்டது. படுக்கை விரிப்பை மெத்தைக்கு அடியில் செருகும்போது விரல் நுனி இடறிக் கொண்டு, நுனி மட்டும் தொங்கிப் போய்விடுவது உண்டு. விரலை நிமிர்த்தும் தசைநாண் நுனியில் அறுந்துவிடுகிறது. சில சமயம் சிறு எலும்புத் துணுக்கும் கூடவே பெயர்ந்து வருகிறது. இதற்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறைதான் வைத்தியம். ஆனால் ஆறு வாரமாவது அதை விடாமல் போட்டிருக்க வேண்டும். கழுவிச் சுத்தம் செய்யக் கழற்றினால், விரலை மேஜை மேல் நேராகப் பதித்து வைத்துக் கொண்டுதான் கழற்ற வேண்டும். ஒரே ஒரு தடவை நுனி தொங்கிவிட்டாலும் ஆறு வாரக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பமாகும்!

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. இந்த மாதிரிக் காயங்களில் பாதி வைத்தியம் நோயாளியின் கையில்தான் இருக்கிறது. அதனால் டெலிபோனில் பேசுபவர் விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்பவருக்குப் புரிந்ததா என்று திருப்பிக் கேட்டுத் தெரிந்து கொள்ளவும் வேண்டும். வேகவேகமாக ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டால், அந்த அம்மாள் ஆறு வாரம் கழித்து வளைந்த விரலோடு வந்து நிற்பாள்.

படம் பொய் சொல்லும் இடம்

எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்புவதும் பிசகு. கட்டை விரலின் அடியில், மணிக்கட்டிலே, 'ஸ்காபாய்ட்' என்று முந்திரிப் பருப்புப் போல் வளைந்த ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது முறிந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். அதற்கு ரத்தம் பாயும் வழியும் குறுகலானது. கவனிக்காமல் விட்டால் எலும்பு சேராமலே நின்றுவிடும், ஒரு பகுதி உயிரிழந்தும் போகும். ஆகவே கட்டை விரலின் அடியில் அமுக்கினால் வலிக்கிறது என்று முதலில் பார்த்தவர் எழுதியிருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் விடமாட்டார்கள். ஸ்கேன் எடுப்பார்கள், அல்லது பத்துப் பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். படத்தைப் பார்க்கும் நிபுணர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், முதல் நாள் தொட்டுப் பார்த்தவரின் விரலை நம்பித்தான் இருக்கிறார்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்களும் உண்டு. எலும்பு முறிந்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால், விரல்கள் வெளுத்தோ சில்லிட்டோ போனால், உணர்ச்சி குறைந்தால், மாத்திரை சாப்பிட்டும் வலி ஏறிக் கொண்டே போய், விரலை நீட்டினாலே துடிதுடிக்க வைத்தால். இவற்றுக்கு டெலிபோன் மணி அடிக்கும் வரையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. கடைசியில் சொன்னது, உள்ளே வீக்கம் இறுகித் தசைக்கு ரத்தம் போகாமல் அடைப்பதன் அடையாளமாக இருக்கலாம். அதில் மணிக் கணக்குத்தான் அவகாசம், நாள் கணக்கு இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டெலிபோன் கேட்காத கேள்வி

வேறொரு விஷயமும் இருக்கிறது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். எல்லா எலும்புகளும் பனியில் வழுக்கி முறிவதில்லை. அடிபட்டு முறியும் பெண்களும் இருக்கிறார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள். "எப்படி விழுந்தீர்கள்?" என்று நர்ஸ் டெலிபோனில் கேட்கும்போது, அடித்தவனே பக்கத்தில் நின்று கொண்டிருந்தால் அந்தப் பெண் என்ன பதில் சொல்லுவாள்? "மாடிப் படியில் தவறிவிட்டேன்" என்றுதான் சொல்லுவாள். நேரில் போனால், தனி அறையில், கதவைச் சாத்திக் கொண்டு கேட்க ஒரு சந்தர்ப்பம் உண்டு. இதனால்தான் முதல் நாள் பரிசோதனையும், அப்போது எழுதும் குறிப்பும் அவ்வளவு முக்கியம். சொன்ன காரணமும் முறிவும் பொருந்தவில்லை என்றால் டெலிபோனோடு முடித்துவிடக் கூடாது. நேரில் வரவழைக்க வேண்டும்.

காது மந்தமான முதியவர், தனியாக இருப்பவர், இங்கிலீஷ் சரளமாக வராதவர், இவர்களுக்கும் டெலிபோன் மட்டும் போதாது. ஊரிலிருந்து மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நம் பாட்டியிடம் ஒரு நர்ஸ் கிளாஸ்கோ உச்சரிப்பில் வேகமாகப் பேசினால், பாட்டி எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்றுதான் சொல்லி வைப்பாள்! அத்தகையவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அல்லது நேரிலேயே பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். அப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஐம்பது வயதுக்கு மேல்

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணிகள் இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து சாதாரணமாகக் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தால், அது மணிக்கட்டு விஷயம் மட்டுமில்லை. 1814-ஆம் வருஷமே, எக்ஸ்ரே தோன்றுவதற்கு 81 வருஷம் முன்பு, அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் என்ற சர்ஜன் மணிக்கட்டு முறிவை விவரித்து எழுதியிருக்கிறார். இன்றும் அது அவர் பேரால்தான் வழங்குகிறது. ஆனால் அந்த முறிவு, எலும்பே உள்ளுக்குள் இளைத்துப் போயிருப்பதன் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம் என்பது வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக இளைக்கிறது. இன்று மணிக்கட்டு, கவனிக்காவிட்டால் பின்னொரு நாள் இடுப்பு. இடுப்பு எலும்பு முறிவு வயதானவர்களைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடியது.

1990-களின் இறுதியில் இதற்கும் வழி காட்டியது கிளாஸ்கோ நகரந்தான். முறிவோடு வரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் எடுத்து, தேவையானால் மருந்து கொடுக்கும் ஏற்பாடு அங்கே உருவாயிற்று. திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஜாபிதாவைப் பார்ப்பதில் இது ஒரு சௌகரியம். யாருக்கு ஸ்கேன் வேண்டும் என்று அப்போதே குறித்துவிடலாம். கூட்ட நெரிசலில் கட்டைப் பிரித்து அனுப்பும் அவசரத்தில் இது மறந்துபோகக்கூடியது. உங்களுக்கோ உங்கள் மாமியாருக்கோ மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தால், எந்த ஊரானாலும் சரி, "எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா?" என்று டாக்டரைக் கேளுங்கள்.

சித்தப்பா பிள்ளைக்குப் படம் அனுப்பலாமா?

"நம் ஊரிலும் இதுதானே நடக்கிறது? எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் படம் எடுத்து, டாக்டருக்குப் படிக்கும் சித்தப்பா பிள்ளைக்கு அனுப்புகிறோமே!" என்று சிலர் கேட்கலாம். அது வேறு, இது வேறு.

ஜன்னல் ஓரத்துப் படத்தில் மெல்லிய கீறல் மறைந்துவிடும். ஃபிலிமில் பட்ட வெளிச்சம் இல்லாத கீறலைக் காட்டினாலும் காட்டும். சித்தப்பா பிள்ளை உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்த்தவரின் குறிப்பும் அவனிடம் இல்லை. அவன் சொன்னது எங்கும் எழுதி வைக்கப்படுவதும் இல்லை. கிளாஸ்கோ முறையில் அசல் படமே திரையில் வருகிறது. நேரில் பரிசோதித்த குறிப்பு கூடவே வருகிறது. தீர்மானம் செய்தவர் பேர் பதிவாகிறது. அதற்கு அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, "தொந்தரவு இருந்தால் திரும்ப வாருங்கள்" என்ற கதவு திறந்தே இருக்கிறது.

'வர வேண்டாம்' என்ற வார்த்தையை அக்கறையாக ஆக்குபவை இவைதாம். முதலில் ஒருவர் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அனுபவசாலி படத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிதானமாகப் பேசும் குரல் ஒன்று வீட்டுக்கு வர வேண்டும். திரும்பிப் போகும் கதவு சாத்தப்படாமல் இருக்க வேண்டும். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அது பெஞ்சை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடாகிவிடும், வைத்தியம் ஆகாது.

பிரிட்டனில் இருக்கும் உங்கள் பெண்ணுக்கு இப்படி டெலிபோன் வந்தால், ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக் கொண்டு ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுதிக் கொள்ளச் சொல்லுங்கள். முறிந்தது எந்த எலும்பு? கட்டையோ தூளியையோ எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? எந்த நாளிலிருந்து அசைக்கலாம்? எந்த அடையாளம் வந்தால் உடனே ஓடி வர வேண்டும்? சந்தேகம் வந்தால் எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும்? சிகரெட் பிடிப்பவரானால், எலும்பு சேரும் வரையிலாவது நிறுத்தச் சொல்லுங்கள். புகை எலும்பு சேருவதைத் தாமதப்படுத்துகிறது.

ஐந்துக்கும் பதில் கிடைத்துவிட்டால் நிம்மதியாக வீட்டிலேயே இருக்கலாம். அப்படியில்லாமல், "நீங்கள் நேரில் வர வேண்டும்" என்று சொன்னால் சலித்துக் கொள்ளவும் வேண்டாம். பெஞ்சில் இப்போது அவ்வளவு கூட்டம் இராது. கூப்பிட்டவரும் காரணத்தோடுதான் கூப்பிட்டிருப்பார்.